எதிர்க்காற்றுக்குப் பல், பின்காற்றுக்குப் பிரேக்

2022 அக்டோபர் 8ஆம் தேதி சுவிட்சர்லாந்தின் கிரென்சன் நகரத்தில், கூரை போட்ட மரத்தடத்தில், இத்தாலியின் ஃபிலிப்போ கன்னா ஒரு மணி நேரத்தில் 56.792 கிலோமீட்டர் ஓட்டி உலக சாதனை படைத்தார். அவர் ஓட்டியது ஃபிக்ஸட் கியர் சைக்கிள். முன்னால் 65 பல், பின்னால் 14 பல். பெடல் ஒரு சுற்று வந்தால் வண்டி பத்து மீட்டருக்குச் சற்றுக் குறைவாக நகரும். நிமிடத்துக்கு ஏறக்குறைய 97 சுற்று. அறுபது நிமிடமும் கிட்டத்தட்ட அதே சுற்று. எதுவும் மாறாத இடத்தில் இந்த வண்டிக்கு நிகர் கிடையாது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். பின்சக்கரத்தோடு பல்சக்கரம் இறுகப் பூட்டப்பட்டிருப்பதால், சக்கரம் சுழலும் வரை பெடலும் சுழன்றுகொண்டே இருக்கும். காலை ஓயவிட்டு வண்டியை உருளவிட முடியாது. கியரை மாற்றவும் வழியில்லை. அரங்கத்துக்குள் இவை குறையாகவே தெரியாது. ஆடி மாதத்தில் உடுமலையிலிருந்து பொள்ளாச்சிக்கு மேற்கே மிதிப்பவருக்கோ, இவையே முதல் தொல்லையும் இரண்டாம் தொல்லையும். பலத்த காற்றில் ஃபிக்ஸட் கியர் ஓட்டுவது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் கால்பலத்தைப் பற்றித்தான் பதில் வரும். என் பதில் வேறு. பின்சக்கரப் பல்லை எதிர்க்காற்றைக் கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள், பின்காற்றுக்குப் பிரேக் மாட்டுங்கள், வேகத்தைப் பார்ப்பதை விட்டுவிடுங்கள். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதிர்க்காற்று கடினம் என்பதைச் சைக்கிளில் ஏறிய எவருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. எவ்வளவு கடினம் என்பதில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். உடம்பில் மோதும் காற்றின் விசை, காற்றுக்கும் ஓட்டுநருக்கும் இடையிலான வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். காற்றில்லாத நாளில் 25 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மீது 25 கிலோமீட்டர் காற்றுதான் மோதுகிறது. எதிரே 25 கிலோமீட்டர் காற்று வீசும்போது அதே வேகத்தில் போக நினைத்தால் மோதுவது 50. விசை நான்கு மடங்கு. ஆளும் வண்டியும் சேர்ந்து 85 கிலோ, சாதாரணமாகக் குனிந்த உட்காரல், சமதரை, ஓரளவு நல்ல டயர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், காற்றில்லாதபோது 25 கிலோமீட்டர் வேகத்துக்குச் சுமார் 100 வாட் போதும். தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர் ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உழைப்பு அது. எதிர்க்காற்றிலும் அந்த வேகத்தை விடமாட்டேன் என்றால் 300 வாட் வேண்டும். நன்கு பயிற்சி பெற்ற பந்தய வீரர்களின் கணக்கு அது. உழைப்பைக் கூட்டாமல் அதே 100 வாட்டில் போனால் வேகம் 13 கிலோமீட்டருக்கு இறங்கும். திரும்பி நின்று அந்தக் காற்றை முதுகில் வாங்கினால் அதே உழைப்பில் 42 வரும். ஒரே ஆள், ஒரே சாலை, ஒரே உழைப்பு. வேகம் மட்டும் 13இலிருந்து 42 வரை, மூன்று மடங்குக்கும் மேல் மாறுகிறது.

கியர் வண்டியில் இந்த மூன்று மடங்கைக் கியர் விழுங்கிவிடும், கால் ஏறக்குறைய ஒரே சுற்றில் இருக்கும். ஃபிக்ஸட் கியரில் அது அப்படியே காலுக்கு வந்து சேர்கிறது. கடைகளில் பரவலாகக் கிடைக்கும் 48க்கு 16 பல் அமைப்பை எடுத்துக்கொள்வோம். 700 அளவு டயரில் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 6.3 மீட்டர் ஓடும். காற்றில்லாதபோது நிமிடத்துக்கு 66 சுற்று, எதிர்க்காற்றில் 34, பின்காற்றில் 111. அதே வண்டியில் 44க்கு 18 போட்டால் 81, 42, 136. எந்தப் பல்லைப் போட்டாலும் மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள விகிதம் மாறாது. அதனால் 'காற்றுக்கு ஏற்ற ஃபிக்ஸட் கியர்' என்று ஒன்று கிடையாது, இரண்டு முனைகளில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். எதை விட்டுக்கொடுப்பது என்பதில்தான் வழக்கம் தவறான பக்கம் சாய்ந்திருக்கிறது. பெரிய பல்லில் 'ஏறி மிதிப்பது' கெத்து, சிறியதில் கால் படபடப்பது கேலி என்ற எண்ணம் ஓட்டுநர்களிடையே ஊறிப்போயிருக்கிறது. காற்றில் அந்தக் கெத்துக்கு முழங்கால்தான் விலை கொடுக்கும்.

விசைக் கணக்கைப் பார்த்தால் இது விளங்கும். காற்றில்லாத நாளில் 48க்கு 16இல் பெடலில் சராசரியாக எட்டரை கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் கொடுத்தால் வண்டி 25 கிலோமீட்டரில் ஓடும். அதே 100 வாட்டை எதிர்க்காற்றில் கொடுக்கும்போது அழுத்தம் 16 கிலோவாக ஏறிவிடுகிறது, ஏனென்றால் சுற்று பாதியாகிவிட்டது. சுற்று முழுவதற்குமான சராசரி இது; பெடல் கீழே இறங்கும் கணத்தில் அழுத்தம் இன்னும் அதிகம். 44க்கு 18இல் இது 13 கிலோவுக்கு இறங்கும். மூன்று கிலோதானே என்று தோன்றலாம். 20 கிலோமீட்டர் எதிர்க்காற்றைக் கடக்க ஒன்றரை மணி நேரம், அத்தனை நேரமும் அத்தனை ஆயிரம் சுற்றுகள். ஒவ்வொன்றிலும் மூன்று கிலோ என்று பார்த்தால் அது சிறிய கணக்காகத் தெரியாது. இதோடு காற்று ஒருபோதும் சீராக வீசுவதில்லை. 25இல் வீசும் காற்று திடீரென 40க்கு எகிறினால், 13 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவர் மீது மோதும் விசை ஏறக்குறைய இருமடங்காகும். நிமிடத்துக்கு 34 சுற்றில் ஏற்கெனவே திணறுகிற கால் அந்த வீச்சில் நின்றே போகலாம். காலைப் பெடலோடு கட்டிக்கொண்டிருப்பவருக்கு நிற்பதும் சாய்வதும் ஒரே கணத்தில் நடக்கும்.

சிறிய கியர் போட்டால் பின்காற்றில் கால் எட்டாதே என்பது நியாயமான கேள்வி. 136 சுற்று பழகாத காலுக்கு முடியாதுதான். ஆனால் முடியாததால் நேரும் இழப்பை அளந்து பார்க்க வேண்டும். 44க்கு 18இல் 110 சுற்றோடு நிறுத்திக்கொண்டால் வேகம் 34 கிலோமீட்டர். 42இல் போனால் 29 நிமிடத்தில் முடியும் 20 கிலோமீட்டர், 34இல் 35 நிமிடம் பிடிக்கும். இழந்தது ஆறே நிமிடம். அதுவும் உழைப்பைக் குறைத்துக்கொண்டு இழந்தது. எதிர்க்காற்றிலோ தவறான பல்லுக்கான தண்டனை ஒன்றரை மணி நேரம் நீடிக்கிறது. போகும்போது தின்றதைக் காற்று திரும்பும்போது கொடுத்துவிடும் என்ற நம்பிக்கையும் கணக்கில் நிற்காது. மேலே சொன்ன எண்களின்படி 40 கிலோமீட்டர் போய்வர காற்றில்லாத நாளில் 96 நிமிடம். காற்றுள்ள நாளில், பின்காற்றை முழுதாகப் பயன்படுத்தினாலும், 92ம் 29ம் சேர்ந்து 121. மெதுவாகப் போகும் தூரத்தில்தான் அதிக நேரம் கழிகிறது. காற்றுள்ள நாளின் பெரும்பகுதி எதிர்க்காற்று. நாளின் முக்கால் பாகத்துக்கு ஏற்ற பல்லைப் போடுவதுதானே முறை?

ஃபிக்ஸட் கியர் அன்பர்கள் சொல்லும் வலுவான மறுப்பு வேறொன்று. சுழலும் சக்கரமே பெடலைத் தள்ளிக்கொண்டு வருவதால், பெடல் உச்சியிலும் அடியிலும் இருக்கும் 'செத்த இடத்தை' வண்டியின் உந்தமே கடத்திவிடும். ஆகையால் கொஞ்சம் பெரிய கியரையும் இதில் சமாளிக்கலாம் என்பார்கள். முதல் பாதி உண்மை. ஃபிக்ஸட் கியரில் மேடேறும்போது கிடைக்கும் அந்த விநோதமான சுகம் அதனால் வருவதுதான். ஆனால் கடனாகக் கிடைக்கும் அந்த ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 25 கிலோமீட்டரில் வண்டியில் சேர்ந்திருக்கும் இயக்க ஆற்றலில் 13 கிலோமீட்டரில் நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிச்சம். எதிர்விசையோ அப்போதுதான் ஏறியிருக்கிறது. அதனால் செத்த இடத்துக்கு வரும்போதெல்லாம் வண்டி சட்டென்று தளர்கிறது, அடுத்த மிதியில் அதை மறுபடி தூக்க வேண்டியிருக்கிறது. எதிர்க்காற்றில் பெரிய கியர் ஓட்டுபவரைப் பின்னாலிருந்து பார்த்தால் வண்டி வெட்டி வெட்டி நகர்வது தெரியும். உதவி மிகத் தேவையான நேரத்தில் கைவிடும் நண்பன் இந்த உந்தம்.

எழுந்து நின்று மிதித்தால் போயிற்று என்பவர்களும் உண்டு. நின்றால் உடம்பின் எடை முழுவதும் பெடலுக்குக் கிடைக்கும் என்பது சரி. கூடவே மார்பும் முகமும் காற்றுக்கு நேராக நிமிர்கின்றன. உழைத்ததில் ஒரு பங்கைக் காற்றே வாங்கிக்கொள்கிறது. பாலம் ஏறும் ஐம்பது மீட்டருக்கு நிற்கலாம், பத்துக் கிலோமீட்டருக்கு நிற்பது வீண். அதே சிரமத்தைக் குனிவதில் செலவிட்டால் பலன் கூடும். முழங்கையை மடக்கி, தோளைக் காதிலிருந்து இறக்கி, முதுகைத் தாழ்த்தினால் காற்றுக்குக் காட்டும் பரப்பு குறையும், அதற்குச் சம விகிதத்தில் விசையும் குறையும். வளைந்த டிராப் ஹேண்டில்பார் இருந்தால் இது எளிது; ஃபிக்ஸி என்றாலே நினைவுக்கு வரும் குட்டையான நேர்க்கம்பியில் உடம்பைத் தாழ்த்தக் கைக்கு இடமே இருக்காது. தொளதொள சட்டை, முதுகில் புடைத்த பை, இவை இரண்டும் பாய்மரம். உடையில் இன்னொரு எச்சரிக்கை உண்டு, இது ஃபிக்ஸட் கியருக்கே உரியது. சாதாரண சைக்கிளில் துப்பட்டா நுனியோ வேட்டி ஓரமோ பேன்ட் கீழ்மடிப்போ செயினில் மாட்டினால் மிதிப்பதை நிறுத்தலாம், இழுப்பும் நிற்கும். ஃபிக்ஸட் கியரில் வண்டி ஓடும் வரை செயின் இழுத்துக்கொண்டே போகும். காற்று துணியைச் செயின் பக்கம் தள்ளும் நாளில் இது நடக்க வாய்ப்பு அதிகம். ஷூ நாடாவின் நுனியைக்கூட உள்ளே செருகிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

ஒற்றைக் கியர் புயலிலும் போகும் என்பதற்கு நெதர்லாந்தை உதாரணம் காட்டுவார்கள். அங்கே கிழக்கு ஷெல்ட் கடல்தடுப்பின் மீது எதிர்க்காற்றுச் சைக்கிள் பந்தயம் ஒன்று நடக்கிறது. 2013இல் தொடங்கியது, தூரம் எட்டரைக் கிலோமீட்டர். போஃபோர்ட் அளவில் காற்று குறைந்தது 7ஐத் தொட்டால்தான், அதாவது மணிக்கு 50 கிலோமீட்டர் வீசினால்தான் பந்தயமே. எல்லோருக்கும் ஒரே மாதிரியான நிமிர்ந்த நகரச் சைக்கிள், கியர் கிடையாது, பெடலைப் பின்னால் மிதித்தால் பிரேக். இந்தப் பந்தயம் என் வாதத்துக்கு எதிரானதாகத் தோன்றினாலும், உற்றுப் பார்த்தால் அதற்குச் சாதகமானது. அந்த வண்டியில் மிதிப்பதை நிறுத்தினால் கால் நிற்கும். ஃபிக்ஸட் கியர் அல்ல அது. அதைவிட முக்கியமாக, பந்தயம் ஒரே திசையில் நடக்கிறது. காற்றை எதிர்த்து ஓட்டுவதோடு கதை முடிந்தது, 7 அளவுக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு திரும்பி ஓட்ட வேண்டியதில்லை. ஒற்றைக் கியரால் எதிர்க்காற்றைக் கடக்க முடியும் என்பதை நானும் மறுக்கவில்லை. ஃபிக்ஸட் கியரில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது.

அந்தப் பக்கம் முதுகுப் பக்கம். மற்ற சைக்கிள்களில் பின்காற்று என்றால் ஓய்வு. ஃபிக்ஸட் கியரில் அது கூடுதல் வேலை. வண்டி வேகமெடுக்க எடுக்கக் கால் அதன் பின்னால் ஓட வேண்டும். 120 சுற்றைத் தாண்டினால் பழகாதவரின் இடுப்பு சீட்டில் துள்ளத் தொடங்கும், அந்தத் துள்ளல் தோள் வழியாக ஹேண்டில்பாருக்குப் போய் முன்சக்கரத்தை ஆட்டும். அந்தச் சுற்றில் கால் பெடலிலிருந்து நழுவினால் மறுபடி பிடிப்பது கடினம், சுழலும் பெடல் கணுக்காலில் வந்து அடிக்கும். ஆகவே பின்காற்றில் செய்ய வேண்டியது வேகத்தைக் கூட்டுவதல்ல, சுற்றுக்கு ஒரு வரம்பு வைத்துக்கொண்டு அதைத் தாண்டும் முன்பே பிரேக்கைத் தொட்டுக் குறைப்பது. காலாலேயே தடுத்தால் போதாதா, ஃபிக்ஸட் கியரின் அழகே அதுதானே என்று கேட்கலாம். வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கக் கால் போதும். நிறுத்தப் போதாது. வேகம் குறையும்போது எடை முன்சக்கரத்துக்குப் போய்விடும், பின்சக்கரம் இலேசாகி வழுக்கும். பின்சக்கரத்தை மட்டும் நம்பினால் புவியீர்ப்பு முடுக்கத்தில் கால் பங்கு அளவுக்கு வேகம் குறைந்தாலே நல்ல பிடிப்பு என்று சொல்ல வேண்டும். 42 கிலோமீட்டரிலிருந்து நிற்க அப்படி 28 மீட்டர் ஓடும். நல்ல முன்பிரேக்கில் அதில் பாதிதான். காலால் மட்டும் தடுத்தால் 28க்கும் மேலேதான் போகும். பிரிட்டனில் சாலையில் ஓடும் ஃபிக்ஸட் கியருக்குப் பூட்டிய பின்சக்கரத்தை ஒரு பிரேக்காக ஏற்றுக்கொள்ளும் சட்டம், முன்சக்கரத்துக்குத் தனி பிரேக் வேண்டும் என்கிறது. பிரேக் இல்லாத வண்டியை அழகு என்று நினைப்பவர்களிடம் அழகைப் பற்றி வாதிட மாட்டேன். பின்காற்று வீசும் நாளில் அதை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள் என்றுதான் சொல்வேன்.

சைக்கிள் ஓட்டுபவர்களிடையே பழைய அறிவுரை ஒன்று உண்டு: போகும்போது காற்றை எதிர்த்துப் போ, வரும்போது அது உன்னைச் சுமந்து வரும். ஃபிக்ஸட் கியருக்கு இதைத் திருத்திக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவத்தில் நிலத்தின் மேல் வீசும் காற்று விடியற்காலையில் தணிந்தும், வெயில் ஏற ஏற வலுத்தும் வீசும். ஆறு மணிக்குக் கிளம்பி மேற்கே போனவர் பதினொரு மணிக்குத் திரும்பினால், போகும்போது சந்தித்ததைவிடப் பலமான காற்று முதுகில் இருக்கும், கால் களைத்திருக்கும். களைத்த காலுக்கு 130 சுற்றைத் தடுத்து ஆளும் பக்குவம் இருக்காது. அறிவுரையை அடியோடு தள்ளிவிடத் தேவையில்லை. களைத்த உடம்போடு மதியக் காற்றை எதிர்ப்பது அதைவிட மோசம். எதிர்த்துப் போகும் பாதியைச் சுருக்கி, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவது நல்லது. திரும்பும் முன் கால் மணி நேரம் உட்காருவதும் நல்லது. பின்காற்றில் ஓய்வெடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்து அந்தக் கால் மணியைத் தவிர்ப்பவர்கள் சாதாரண சைக்கிளின் வழக்கத்தை ஃபிக்ஸட் கியருக்குக் கொண்டுவருகிறார்கள்.

பக்கக்காற்று பற்றி எழுதுகிறவர்கள் தள்ளுவதைப் பற்றி மட்டும் எழுதுகிறார்கள், அது வேகத்தையும் தின்னும் என்பது விட்டுப்போகிறது. 25 கிலோமீட்டரில் போகும்போது சரியாகப் பக்கவாட்டில் 25 கிலோமீட்டர் காற்று வீசினால், முன்னாலிருந்து தடுக்கும் விசை காற்றில்லாத நாளைவிடச் சுமார் நாற்பது சதவீதம் கூடும். அதனால் பக்கக்காற்றுள்ள சாலைக்கும் பல்லை எதிர்க்காற்றுக் கணக்கில்தான் போட வேண்டும். தள்ளலைப் பொறுத்தவரை, தனுஷ்கோடிச் சாலையைப் பாருங்கள். 2017இல் போக்குவரத்துக்குத் திறந்த அந்தச் சாலை முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனைக்கு ஏறக்குறைய தென்கிழக்கே நேர்க்கோடாகப் போகிறது. இருபுறமும் கடல், ஒதுங்க மரமோ சுவரோ கிடையாது. தென்மேற்குப் பருவத்தில் அரிச்சல்முனைக்குப் போகிறவரின் வலப்புறத்திலிருந்து காற்று அடிக்கும். நம் சாலையில் வண்டிகள் முந்துவதும் வலப்புறமாகத்தான். வலப்பக்கம் சாய்ந்து காற்றைத் தாங்கிக்கொண்டு போகும்போது ஒரு பஸ் முந்தினால், அதன் நீளம் கடக்கும் வரை காற்று அறுந்துவிடும். சாய்ந்த உடம்பு பஸ் பக்கமே இழுபடும். பஸ் போனதும் காற்று மறுபடி வந்து இடப்பக்கம், மணல் ஏறிய சாலையோரத்துக்குத் தள்ளும். திரும்பி வரும்போது காற்று இடப்புறம் இருப்பதால் இந்தச் சங்கடம் குறையும். பின்னால் வண்டிச் சத்தம் கேட்டதுமே கைப்பிடியைத் தளர்த்தி, முழங்கையை மடக்கி, வேகத்தைக் கொஞ்சம் குறைத்துவிட வேண்டும். ஃபிக்ஸட் கியருக்கு உள்ள ஒரு நிஜமான நன்மை இங்கேதான் தெரிகிறது. கையை அசைக்காமலே காலால் வேகத்தைக் குறைக்கலாம், காற்று தள்ளும் கணத்தில் இரண்டு கையும் ஹேண்டில்பாரில் இருக்கும். வளைவில் இதற்கு நேர் எதிர். உள்பக்கப் பெடலை மேலே நிறுத்தி வைக்க முடியாது என்பதால், காற்று சாய்க்கும் பக்கமே வளைவும் இருந்தால் பெடல் தரையில் இடிக்கும் ஆபத்து உண்டு. அதோடு, மலிவு விலை ஃபிக்ஸிகளில் அழகுக்காகப் போடும் நாற்பது மில்லிமீட்டருக்கு மேல் ஆழமுள்ள வண்ண ரிம்மை முன்பக்கம் மட்டுமாவது கழற்றிவிட்டுச் சாதாரண ரிம் போடுங்கள். முன்சக்கரத்தில் படும் பக்கக்காற்று நேராக ஹேண்டில்பாரைத் திருப்பும்.

எந்தக் காற்றில் போகலாம், எதில் கூடாது என்று முடிவெடுக்க வானிலை அறிக்கையின் எண்ணைச் சரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். அதில் சொல்லப்படும் வேகம் தரையிலிருந்து பத்து மீட்டர் உயரத்துக்கு உரியது. திறந்த வெளியில் சைக்கிளில் இருப்பவரின் மார்பு உயரத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்குதான் இருக்கும். ஆகவே இந்த அத்தியாயத்தில் பேசிய 25 கிலோமீட்டர் காற்று, அறிக்கையில் 37 என்று வரும். ஆரல்வாய்மொழிக் கணவாயிலும், பாலக்காட்டுக் கணவாய்க்கு நேர் கிழக்கே உள்ள பல்லடம், உடுமலைப் பகுதியிலும் மலை விலகிய இடத்தில் மேல்காற்று குவிந்து பாய்வதால்தான் அங்கே காற்றாலைகள் அவ்வளவு நெருக்கமாக நிற்கின்றன. காற்றாலை நிறைந்த ஊர் என்றால் அறிக்கையைப் பார்ப்பதற்கு முன்பே சிறிய கியர் போட்டுவிடலாம். எண் கைவசம் இல்லையென்றால் கண்ணே போதும். தூசியும் காகிதமும் கிளம்பினால் போஃபோர்ட் 4. சிறு மரங்கள் முழுதாக ஆடினால் 5. பெரிய கிளைகள் அசைந்து, குடை பிடிக்க முடியாமல் போனால் 6. நான்கில் எவரும் ஓட்டலாம், ஐந்து வரை பழகியவர்கள் ஓட்டலாம். ஆறு வந்துவிட்டால் பூட்டிய சக்கரத்துக்கு அன்று வேலையில்லை என்பது என் கணிப்பு. மிகையான எச்சரிக்கை என்று தோன்றினால் ஒன்றை யோசியுங்கள்: பழைய பாம்பன் ரயில் பாலத்தில் காற்று 58 கிலோமீட்டரைத் தொட்டதும் சிக்னல் தானாகச் சிவப்பாகி ரயிலையே நிறுத்திவந்தது. போஃபோர்ட் 6 முடிவது 49இல்.

அப்படியானால் காலை ஓயவிட்டாலும் உருளும் ஃப்ரீவீல் வண்டியே வாங்கிவிடலாமே என்ற கடைசிக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முந்தைய பதில் ஒன்று இருக்கிறது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஆன்ரி தெக்ராஞ்சு கியர் மாற்றும் கருவியை நீண்ட காலம் அனுமதிக்கவில்லை. 1937இல்தான் அது பந்தயத்துக்குள் வந்தது. அதுவரை ஓட்டுநர்கள் பின்சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு பல்சக்கரம் மாட்டிக்கொண்டு, மலையடிவாரத்தில் இறங்கிச் சக்கரத்தைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொண்டு ஏறினார்கள். இன்றும் பெரும்பாலான ஃபிக்ஸட் கியர் வண்டிகளின் பின் ஹப் இருபுறமும் மரை உள்ளதுதான். ஒரு பக்கம் 18 பல் பூட்டுச்சக்கரமும் மறுபக்கம் 20 பல் ஃப்ரீவீலும் இருந்தால், ஆறாம் அளவுக் காற்று கிளம்பினாலும் வழியில் மாட்டிக்கொள்ள மாட்டீர்கள். வேண்டியது ஒரு 15 மில்லிமீட்டர் ஸ்பேனர், பத்து நிமிடம். ஒரு பல் கூடினால் ஆக்ஸில் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேல் முன்னே வர வேண்டும். இரண்டு பல்லுக்கு ஆறு மில்லிமீட்டர் கொஞ்சம் கூடுதலாக. ஃப்ரேமின் பின் பிளவு இதற்குத் தாராளமாக இடம் கொடுக்கும், செயினை வெட்டவோ சேர்க்கவோ தேவையில்லை. இறுக்கிய பிறகு செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்தால் ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் இருக்க வேண்டும். பெடலை மெதுவாகச் சுற்றிக்கொண்டே நாலைந்து இடத்தில் பாருங்கள், செயின் வீல் முழு வட்டமாக இருப்பது அபூர்வம், ஒரு இடத்தில் இறுக்கமும் இன்னோர் இடத்தில் தளர்வும் இருக்கும். மிக இறுக்கமான இடத்தில்தான் அந்த ஒரு சென்டிமீட்டரை அளக்க வேண்டும். சுற்றும்போது விரலைச் செயினிலிருந்து எடுத்துவிடுங்கள், பூட்டிய சக்கரம் விரலுக்காக நிற்காது. பூட்டுச்சக்கரத்தை இறுக்கிப் பிடிக்கும் லாக்ரிங்குக்கு இடமரை, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் திருப்பினால்தான் இறுகும். காலால் பின்னோக்கித் தடுக்கும்போதெல்லாம் பல்சக்கரம் கழலப் பார்க்கிறது, அதைப் பிடித்து வைப்பது இந்த வளையம் ஒன்றே. இதை வீட்டிலேயே பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும், வழியில் திருத்த அதற்கென்றே கொக்கி ஸ்பேனர் வேண்டும்.

ஃப்ரீவீல் பக்கம் திருப்பியதும் ஒன்று மாறிவிடுகிறது: காலால் தடுக்கும் வழி போய்விட்டது. முன்பிரேக் ஒன்றை மட்டும் நம்பிப் பின்காற்றில் இறங்கக் கூடாது. பின்பிரேக் மாட்டத் துளையில்லாத ஃப்ரேம் என்றால் இந்த மாற்றத்தைச் செய்யாமல் வண்டியைப் பஸ்ஸிலோ வேனிலோ ஏற்றிக்கொண்டு வருவதே சரி. துளை இருந்தால் பின்பிரேக்கைப் பயணத்துக்கு முன்பே மாட்டி, ஆக்ஸில் இரண்டு இடத்தில் இருக்கும்போதும் பிரேக் கட்டை டயரைத் தொடாமல், ஸ்போக்ஸ் பக்கம் சரியாமல், ரிம்மின் மேலேயே விழுகிறதா என்று பார்த்து வையுங்கள்.